முந்தி வரும் சத்தம்

டிவிக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற டிஷ்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"இப்பப் பாருங்க சார். வாயும் வார்த்தையும் ஒட்டுதா?"

திரையில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அக்கா, கையிலிருந்த பள்ளிச் சட்டையின் காலரை மடித்தபடியே அந்தப் பெண்ணின் உதடுகளைப் பார்த்தாள். 'பலத்த மழை' என்றபோது உதடுகள் மூடித் திறந்தன. 'மழை'யின் 'ம'வுக்கு மறுபடி மூடின. கன கச்சிதம்.

"ஒட்டிடுச்சுங்க," என்றாள் அக்கா.

"ஒட்டலை," என்றான் தம்பி.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. மீசை முழுக்க நரைத்து, ஓய்வு பெறும் வயதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "பஸ்ஸைக் கட்டிக்கிட்டேன், அதுவே போதும்" என்று சொல்லிச் சொல்லி, கேட்பவர்கள் ஓய்ந்துபோனார்கள். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் 'டாப் கியர் மாமா'. ஒரு நாளும் டாப் கியர் போட்டதில்லை, அதனால் அந்தப் பெயர். அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, "தனியா எதுக்கு ரெண்டு வீடு, ரெண்டு அடுப்பு" என்று அவன்தான் அவளை மெஷினோடு அழைத்து வந்தான். அப்போதிலிருந்து ஒரே கூரைக்கடியில், ஒரே ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருவரும் இருந்து வந்தார்கள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவன் பாட்டுக்கு அவன் கூப்பிட்டது எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

மத்தியான டிரிப்புக்குப் போக வேண்டும் என்பதால் தம்பி காக்கிச் சட்டையை ஏற்கெனவே போட்டிருந்தான். சோபாவின் நுனியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, திரையை முறைத்தான்.

"செட்டாப் பெட்டியையே மாத்தியாச்சு சார்," என்றார் டிஷ்காரர். வெளியே வந்து முழங்கைத் தூசியைத் தட்டிக்கொண்டார். "போன தடவை ஒயரை மாத்தினேன். அதுக்கு முன்னாடி செட்டிங் மாத்தினேன். இனி மாத்தறதுக்கு நான்தான் பாக்கி."

முதல் தடவை குறை உண்மையிலேயே பெட்டியில்தான் இருந்தது. புது டிவியும் எச்டி இணைப்பும் வந்த புதிதில், ஆள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வந்துவிடும். கன்னத்தில் அறை விழுகிற சத்தம் கேட்டபிறகு வில்லன் கையை ஓங்குவான். அக்காவும் தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டிஷ்காரர் வந்து பொறுமையாக விளக்கினார். "எச்டி படம்ங்கிறது பெரிய மூட்டைங்கம்மா. அதைப் பிரிச்சுக் காட்டறதுக்குப் பெட்டிக்கு நேரம் வேணும். சத்தம் சின்னப் பொட்டலம். அது குடுகுடுன்னு முன்னாடியே ஓடி வந்துடும். நாம சத்தத்தைப் புடிச்சு வாசல்ல கொஞ்சம் நிறுத்தி வைக்கணும். படம் வந்ததும் ரெண்டையும் கையைக் கோத்து உள்ள விடணும், அவ்ளோதான்." ரிமோட்டை அழுத்தி, சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக வர வைத்தார். சரியாகிவிட்டது. அவருக்கு டீ கொடுத்து அனுப்பினாள் அக்கா.

பிறகு கொஞ்ச நாளில் தம்பி மறுபடி சொல்ல ஆரம்பித்தான். "பழையபடி ஆயிடுச்சு பாரு." அக்கா பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் சொல்லிக்கொண்டே இருக்கவும், ஒருவேளை இருக்குமோ என்று அவளுக்கும் தோன்றியது. டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து உற்று உற்றுப் பார்த்தபோது ஒரு நிமிஷம் ஒட்டுவது போலவும் ஒரு நிமிஷம் ஒட்டாதது போலவும் இருந்தது. சந்தேகத்தோடு பார்த்தால் யார் வாய்தான் ஒழுங்காக இருக்கிறது?

"இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க," என்றான் தம்பி.

டிஷ்காரர் ரிமோட்டை அழுத்தினார். "இப்ப?"

"ம்ஹூம்."

"இப்ப?"

"இன்னும்."

அக்காவுக்கு இப்போது நன்றாகவே தெரிந்தது. செய்தி வாசிப்பவள் வாயை மூடிய பிறகும் ஒரு சொல் வந்தது. டிஷ்காரர் மேலும் அழுத்தினார். அவள் உதடுகளை இறுக்கிப் புன்னகைத்து, தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அவள் குரல் மட்டும் தனியாக மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது, வேறு யாரோ அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுவதைப் போல.

"ஆங்," என்றான் தம்பி. தோள்கள் தளர்ந்தன. "இப்பத்தான் சரியா இருக்கு. அப்படியே விட்டுடுங்க."

டிஷ்காரர் ரிமோட்டைப் பிடித்தபடியே நின்றார். மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். திரையில் வேறொரு ஆள் வாயை அசைத்தான். அவனுக்கு முன் பேசியவளின் குரல் அவன் வாயிலிருந்து வந்தது.

"என்ன?" என்றான் தம்பி. "ஏன் ரெண்டு பேரும் பேயைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க?"

அக்கா சட்டையை மெஷின் மேல் போட்டுவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள். "டேய், என்னைப் பாரு."

அவன் தரையைப் பார்த்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நாளாகவே அவன் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பேசினான். கூப்பிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னான். ஏதோ கோபம் என்று அவளும் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் வாயைப் பாருடா. நான் பேசறது சரியா வருதா?"

தம்பி தலையை நிமிர்த்தினான். அவள் உதடுகளையே பார்த்தான். பஸ் ஓட்டி ஓட்டி எதற்கும் அசையாத முகம் அது. அந்த முகத்தில் ஒவ்வொரு பாகமாகப் பயம் ஏறுவதை அக்கா பார்த்தாள். முதலில் கண், பிறகு மூக்கு ஓரம், பிறகு மீசைக்கடியில் உதடு.

"நீ முதல்ல பேசிடறே," என்றான் மெதுவாக. "அப்புறம்தான் வாயைத் திறக்கறே."

டிஷ்காரர் டிவியை அணைத்தார்.

"எத்தனை நாளா?"

"தெரியலை. பெட்டியிலதான் கோளாறுன்னு நினைச்சேன். அதையே பார்த்துப் பார்த்துக் கண்ணு அப்படிப் பழகிடுச்சுன்னு நினைச்சேன். டிவி சரியானா நானும் சரியாயிடுவேன்னு..." அவன் முடிக்கவில்லை. "உன் மெஷினும் அப்படித்தான்க்கா. சத்தம் முன்னாடி ஓடுது. ஊசி பின்னாடி வருது."

அக்காவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. துவைக்கப் போட்ட காக்கிச் சட்டைப் பைகளில் பஞ்சு உருண்டைகள். காதுவலி போலிருக்கிறது என்று நினைத்து, எண்ணெய் காய்ச்சி விடவா என்றுகூட அவனைக் கேட்டிருந்தாள். அவன் வேண்டாம் என்று சிடுசிடுத்தான்.

"பஞ்சு எதுக்குடா வெச்சே காதுல?"

அவன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"பஸ் ஓட்டும்போதா?"

"காதை அடைச்சுட்டா கண்ணு மட்டும்தானே. குழப்பம் இல்லை. ஒழுங்காத்தான் ஓட்டினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை." குரல் உயர்ந்தது. உடனே இறங்கியது. "இன்னிக்குக் காலையில பஞ்சு கீழ விழுந்துடுச்சு."

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிஷ்காரர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், தன் ஸ்குரூ டிரைவர்களை ஒன்றொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லு."

"பெட்ரோல் பங்க் ஸ்டாப்புல. ஒரு பாப்பா ஏறணும். கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சு. சரி, ஏறிட்டான்னு கியரைப் போட்டேன். கண்ணாடியில பார்த்தா கதவு தொறந்திருக்கு. பாப்பா படியில ஒரு கால் வெச்சிருக்கா. பை வெளியில தொங்குது. சாத்தின சத்தம் காதுல இருக்கு. சாத்தாத கதவு கண்ணுல இருக்கு. எதைக்கா நம்பறது?" அவன் உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தான். "ரெண்டு காலாலயும் பிரேக்கை மிதிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். பின்னாடி வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், திட்டறான். ஆயாம்மா, 'என்ன ஆச்சு, கிளம்புங்க'ங்கிறாங்க. எடுக்கவே பயம். மத்த ஸ்டாப்பெல்லாம் ஊர்ந்துட்டே போனேன்."

"போயிட்டு வந்து ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நிஜமாயிடும்ல."

அக்கா எழுந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறைக்குள் போனாள், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், திரும்பி வந்தாள். கால் தரையில் பாவவில்லை. "கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"மத்தியான டிரிப் இருக்கு."

"டிரிப்பா?" அவள் கத்திவிட்டாள். "அந்தப் பாப்பா திரும்பி வர்ற டிரிப்தானே அது?"

தம்பி ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டான். மூடியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இப்படி இருந்தா நல்லா இருக்கு," என்றான். "நீ பேசறது நீ பேசற மாதிரியே இருக்கு. போனைக் குடு."

கண்ணை மூடிக்கொண்டே பள்ளிக்கூடத்து மேலாளரிடம் பேசினான். "சார், இன்னிக்கு மத்தியானம் என்னால வர முடியாது. உடம்பு சரியில்லை... இல்லை சார், சாயங்காலமும் முடியாது. வேற ஆள் போடுங்க... பெட்ரோல் பங்க் ஸ்டாப் பாப்பாவை மட்டும் கை புடிச்சு இறக்கச் சொல்லுங்க. துறுதுறுன்னு இருப்பா." போனை நீட்டினான். இத்தனை வருஷத்தில் வர முடியாது என்று அவன் சொல்லி அக்கா கேட்டதில்லை. அது அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

"என் வேன்லயே போயிடலாம்மா," என்றார் டிஷ்காரர். "டாக்சிக்குக் காத்திருக்க வேணாம்."

வேனின் பின்பக்கம் முழுக்க ஒயர்ச் சுருள்களும் தட்டு தட்டாக டிஷ்களும் இருந்தன. மேலே ஏணி கட்டியிருந்தது. முன் சீட்டில் மூவரும் நெருக்கிக்கொண்டார்கள். அக்கா நடுவில். ஜன்னலோரம் தம்பி, கண்களை மூடியபடி. வேன் கிளம்பியதும் அவன் வலது கால் தானாகவே தரையை மிதித்தது.

"மூணாவது கியர்லயே போங்க," என்றான். "ஏன் அவசரம்? இந்த வளைவுல லாரி நிறுத்தியிருப்பான்."

நிறுத்தியிருந்தான். டிஷ்காரர் ஒதுங்கிப் போனார். "சார் கண்ணை மூடிட்டே ஓட்டுவார் போல."

"அப்படித்தான் ஓட்டியிருக்கணும்," என்றான் தம்பி. டிஷ்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று அக்காவைப் பார்த்தார்.

மேலே ஏணி லொடலொடவென்று ஆடியது. கடைகள், ஒரு மரம், ஒரு பாலம் எல்லாம் ஜன்னலில் வந்து போயின. அக்கா குறுக்கே எட்டி, ஜன்னல் பக்கம் இருந்த தம்பியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. ஜில்லென்று இருந்தது.

"அக்கா, பேசிட்டே வாயேன்."

"என்னத்தைப் பேச?"

"ஏதாச்சும். பேசினா நீ பக்கத்துல இருக்கேன்னு தெரியுதில்ல."

"ஒண்ணும் இருக்காதுடா. கண்ணு நரம்பா இருக்கும். மாத்திரை குடுப்பாங்க. ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துடலாம். நாளைக்குள்ள இருபது சட்டைக்குக் காலர் வெச்சு முடிக்கணும், நீதான் பொத்தான் எடுத்துக் குடுக்கணும்..."

"கையைப் புடிச்சுக்கோயேன்க்கா," என்றான் தம்பி. நாக்கு கொஞ்சம் குழறியது.

அக்கா குனிந்து தன் மடியைப் பார்த்தாள். அவன் கை அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் இருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"புடிச்சுட்டுத்தானேடா இருக்கேன்," என்றாள்.

"எங்கே?"

டிஷ்காரர் இருவரையும் ஒரு முறை பார்த்தார். ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. வேன் டாப் கியருக்குப் போனது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தம்பியால் நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலி வந்தது, பிறகு ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு கதவு அவனை உள்ளே வாங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. அக்கா வெளியே நின்றாள். கதவின் கண்ணாடியில் அவள் முகமே அவளுக்குத் தெரிந்தது.

நாற்காலிகள் வரிசையாக இருந்த நடையில் டிஷ்காரர் அவளை உட்கார வைத்தார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். "படம் உறைஞ்சு நிக்குதா? பெட்டியை அணைச்சுட்டு மறுபடி போடுங்க சார்... இல்லை சார், இப்ப வர முடியாது... திட்டறதுன்னா திட்டிக்குங்க சார்." போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"நீங்க கிளம்புங்க. உங்க வேலை கெடுது," என்றாள் அக்கா.

"பரவால்லைம்மா," என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, "போன தடவையே எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சும்மா. பெட்டி சரியா இருக்குன்னு எனக்குத் தெரியும். சார் கோவிச்சுக்குவாரேன்னு ஒயரை மாத்திட்டுப் போயிட்டேன்," என்றார்.

சந்தேகம் எனக்கும்தான் வந்தது, தினமும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் நான், என்று அக்கா சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. எழுந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனாள்.

உள்ளே யாரும் இல்லை. வாஷ்பேசினுக்கு மேலே ஒரு கண்ணாடி. அக்கா கதவைத் தாழ் போட்டாள். கண்ணாடியைப் பார்த்து, "ஒண்ணும் இல்லை," என்று சொல்லிப் பார்த்தாள். உதடுகள் அசைந்தபோதுதான் சத்தமும் வந்ததா? முந்தியா, பிந்தியா? மறுபடி சொன்னாள். ஒரே ரத்தம்தானே. அப்பாவுக்கும் என்னவோ தலையில்தான் வந்தது. கைகளைத் தூக்கி ஒரு முறை தட்டினாள். டைல்ஸ் ஒட்டிய சுவர்களில் மோதி அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றே தெரியாமல் பெரிதாகக் கேட்டது. குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதையும் அதன் சத்தத்தையும் கொஞ்ச நேரம் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

டாக்டர் பெண்தான், வயது அதிகமில்லை. ஒரு சின்ன அறைக்கு அக்காவைக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னார்.

"தலைக்குள்ள ரத்தக் கசிவும்மா. மூளையோட அடிப்பக்கம், தண்டு மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதுல. முன்னாடியே கொஞ்சம் கசிஞ்சு நின்னிருக்கு. அதனாலதான் பார்க்கறதும் கேக்கறதும் அவருக்குச் சேராம இருந்திருக்கு. இப்ப மறுபடி கசிய ஆரம்பிச்சிருக்கு. பெரிசா."

"ஆபரேஷன்..."

"அந்த இடத்துல கத்தி வைக்க முடியாதும்மா. கசிவு தானா நிக்கணும். மருந்து குடுத்துட்டிருக்கோம்."

அக்கா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் உதடுகள் அசைந்த அதே நொடியில் வந்தது. துளிக்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டாள்.

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தார். "போய்ப் பக்கத்துல இருங்க," என்றார். "நினைவு இருக்கு. பேச முடியலை. நீங்க பேசினா கேக்கும்."

உள்ளே பச்சைத் திரைகளுக்கு நடுவில் தம்பி படுத்திருந்தான். மூக்கில் குழாய், மணிக்கட்டில் ஊசி. காக்கிச் சட்டையை எங்கோ கழற்றியிருந்தார்கள். அது இல்லாமல் அவன் யாரோ மாதிரி இருந்தான். தலைமாட்டில் ஒரு கருவி பச்சைக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது பக்கமாக உட்காரும்படி கை காட்டினாள். "இந்தக் கையைப் புடிங்கம்மா. இதுல உணர்ச்சி இருக்கு."

அக்கா பிடித்தாள். "டேய்."

அவன் கண்களைத் திறந்தான். அவள் முகத்தைத் தேடினான். கண்கள் ஒரே இடத்தில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போயின. அவற்றில் இருந்த பயத்தை அவளால் தாங்க முடியவில்லை. இருட்டில் பிடித்த கை நழுவிப்போன குழந்தையின் பயம்.

"மூடிக்கோடா," என்றாள். "பார்க்க வேணாம். கண்ணை மூடிக்கோ. நான் பேசறேன். கேக்குதுன்னா விரலை அழுத்து."

அவன் மூடிக்கொண்டான். ஆள்காட்டி விரல் அவள் உள்ளங்கையை அழுத்தியது.

என்ன பேசுவது? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், பேசு என்றால் பேசுவதற்கு ஒன்றும் இல்லையே என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. தைரியம் சொல்லப் போனால் அழுதுவிடுவாள். பழைய கதை எடுத்தால் அதுவும் விடைபெறுகிற மாதிரி ஆகிவிடும்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் பாரு," என்றாள். "நம்ம மாடிப்படிக்கு அடியில எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு."

விரல் அழுத்தியது.

"நேத்துதான் பார்த்தேன். நீ போட்டு வெச்சிருக்கியே பழைய டயர், அதுக்குள்ள. எல்லாரும் குப்பைன்னு சொல்லியும் நீ தூக்கிப் போடாம வெச்சியே, அதுதான் இப்ப பிரசவ ஆஸ்பத்திரி. கிட்டப் போனா உஸ்ஸுன்னு சீறுது. நான் வாடகையா கேட்டேன்? பால் ஊத்தத்தான் போனேன். என்னைப் புறங்கையில பிராண்டி வெச்சிருக்கு."

விரல் லேசாக அசைந்தது. உதட்டோரமும் அசைந்த மாதிரி இருந்தது. அல்லது குழாய் அசைந்ததோ என்னவோ.

"நாலு குட்டி. ஒண்ணு முழுக் கறுப்பு. தார் ரோட்டுல போட்டா தெரியாது. அதுதான் முரடு, மத்தது எல்லாத்தையும் மிதிச்சுட்டு ஏறி வந்து பால் குடிக்குது. உன்னை மாதிரி இல்லை. உனக்கு எல்லாம் மூணாவது கியர்தான்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். கருவியின் சத்தம் கேட்டது. நிறுத்தக் கூடாது என்று தோன்றியது. நிறுத்தினால் அந்தச் சத்தம்தான் மிஞ்சும். அது இருக்கிறதா, மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும். "ரெண்டாவது வெள்ளை. மூக்குல மட்டும் கறுப்பு மச்சம், மை கொட்டின மாதிரி. அதுக்கு இன்னும் கண்ணே தொறக்கலை. எதுக்குமே தொறக்கலை. ஆனா அம்மா எங்கே இருக்குன்னு எப்படித்தான் தெரியுதோ, நேரா அங்கதான் தவழுது..."

விரல் அழுத்தியதா? அழுத்தியதாகத்தான் இருந்தது. அவள் தன் கையையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்ததால் எது யாருடையது என்று தெரியவில்லை. கையைத் தளர்த்திப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

"மூணாவது செம்மண் நிறம். அதுதான் இருக்கறதுலயே சின்னது. நோஞ்சான். பிழைக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான், அதனால அதை மட்டும் கொஞ்சம் துணி போட்டு..." வார்த்தை போன திசை பிடிக்காமல் அவள் சட்டென்று திருப்பினாள். "இல்லை, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் குடிக்குது. வால் இவ்ளோதான் இருக்கு, ஆட்டுது பாரு ஆட்டு, நீ பார்த்தா சிரிப்பே. நீ வந்து பார்க்கணும். உன் பஸ் பிள்ளைங்களுக்குச் சொன்னா வீட்டு வாசல்ல வந்து நின்னுடும், அதனால சொல்லிடாதே. சொல்லாம இருப்பியா? நீ எங்கே இருப்பே. உன் வாய் சும்மா இருக்காது..."

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வேகமாக வந்தாள். கருவியைப் பார்த்தாள். தம்பியின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். வாசல் பக்கம் திரும்பி யாருக்கோ சைகை காட்டினாள். டாக்டர் வந்தார், கண் இமையை விலக்கி ஒரு சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார், மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நர்ஸைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார். அக்கா இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தம்பியின் மூடிய கண்களைப் பார்த்தபடி, குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பேசிக்கொண்டே இருந்தாள். டயரைப் பற்றிப் பேசினாள். பால் கிண்ணத்தைப் பற்றிப் பேசினாள். மூன்றாவது குட்டியின் வாலுக்கு மறுபடி வந்தாள். பிறகு அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காமல், வாய் திறந்தபடி நின்றது.

டாக்டர் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். நர்ஸ் அவர் கையை லேசாகத் தொட்டாள். கருவியின் பக்கமாகப் போய் அதன் முகத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தாள். பிறகு வந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நாலாவது குட்டி என்ன நிறம்மா?" என்று கேட்டாள்.

அக்கா யோசித்தாள். தம்பியின் கையை அவள் விடவில்லை.

"அதைச் சரியாப் பார்க்கலைம்மா," என்றாள். "தாய்க்கு அடியில படுத்திருந்துச்சு."